சப்பாத்துக் குன்றும் ஹாஜி அலியின் கப்றும்



கௌபோய் படம் பார்த்து வளர்ந்த நமது வயதுக்காரர்களுக்கு "பூட் ஹில்" என்ற பெயர் பழக்கமானது. தமிழில் சொன்னால் சப்பாத்துக் குன்று. நோய்ப்பட்டுப் படுக்கையில் மௌத்தானவனின் காலில் சப்பாத்து இருக்காது. துப்பாக்கிச் சண்டையில் விழுந்தவன் சப்பாத்தோடுதான் போவான். அப்படிப் போனவர்களைப் புதைத்த மேடு என்பதால் அந்தப் பெயர். அமெரிக்காவின் மேற்கில் ஒன்றல்ல, பல ஊர்களில் இந்தப் பெயரில் மையவாடி இருக்கின்றது.

மிகப் பிரபலமானது கன்சாஸ் மாநிலத்தின் டொட்ஜ் சிட்டி. 1872இல் ரெயில் பாதையோடு முளைத்த ஊர். சாராயக்கடை வந்துவிட்டது, மையவாடி வரவில்லை. காசும் ஆளும் உள்ளவனை அருகிலிருந்த இராணுவ முகாமின் மையவாடிக்குக் கொண்டுபோனார்கள். யாருமற்றவனை ஊர் ஓரத்து மேட்டில், போட்டிருந்த உடுப்போடு குழி வெட்டிப் போட்டார்கள். ஆறு வருடம்தான். ஊர் வளர்ந்ததும் அந்த மேட்டின் காணிக்கு விலை வந்துவிட்டது. 1879இல் எலும்புகளைத் தோண்டி "பிரேரி குரோவ்" என்ற புது மையவாடிக்கு மாற்றினார்கள். பிறகு அந்த மேட்டில் பாடசாலை கட்டினார்கள். இன்னும் பிந்திய காலத்தில், சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கியதும், அதே மேட்டில் போலிக் கல்லறைகள் செய்து வைத்தார்கள். உண்மையான மையித்துகளை அகற்றிவிட்டு, பொய்யான கப்றுகளுக்கு டிக்கட்!

அரிசோனாவில் டூம்ப்ஸ்டோன் என்று ஓர் ஊர். பெயரே "மீசான் கல்". எட் ஷீபலின் என்பவர் வெள்ளி தேடிப் புறப்பட்டபோது, "உனக்கு அங்கே கிடைக்கப்போவது உன் மீசான் கல்தான்" என்று பயமுறுத்தினார்களாம். வெள்ளி கிடைத்தது. தனது சுரங்கத்துக்கு அந்தப் பெயரையே வைத்தார், பிறகு ஊருக்கும் அதுவே ஆகிவிட்டது. அந்த ஊர் மையவாடியை 1884இல் மூடிவிட்டு வேறொன்று திறந்தார்கள். அதன்பின் நெடுங்காலம் அதற்கு "பழைய மையவாடி" என்றுதான் பெயர். "பூட் ஹில்" என்பது டொட்ஜ் சிட்டியின் புகழைப் பார்த்து 1920களில் ஒட்டிக்கொண்ட பெயர். ஆகவே, ஒரு பெயரைக் கேட்டதும் அது அந்தக் காலத்துப் பெயர் என்று நம்பிவிடக்கூடாது. நமது ஊர்களின் பெயர்க் கதைகளுக்கும் இதைக் கொஞ்சம் பொருத்திப் பார்க்கலாம்.

சரி, ஏன் எப்போதும் மேடு? காரணங்கள் மிகச் சாதாரணமானவை. ஆற்றோரத்துப் பள்ளத்தில் வெள்ளம் வந்தால் கப்று திறந்துவிடும். கிணற்றுத் தண்ணீருக்குப் பக்கத்தில் புதைக்க மனிதனுக்கு இயல்பாகவே பயம். சமதரை உழவுக்கும் வீட்டுக்கும் வேண்டும். உழ முடியாத கல்லு மேடு யாருக்கும் வேண்டாம், அதனால் அது மையித்துக்கு. வாழ்பவனுக்கு உதவாத காணி மௌத்தானவனுக்குப் போதும் என்ற கணக்கு அது. குழி வெட்டுபவனின் முதுகுதான் பாவம்.

மேடும் கிடைக்காதவர்கள் இருந்தார்கள். 1840களிலும் 50களிலும் ஒரிகன் பாதையில் மாட்டு வண்டியில் மேற்கே போனவர்களை வழியிலேயே கொலரா கொன்றது. நின்று துக்கம் கொண்டாட நேரமில்லை. சில கூட்டத்தார் வண்டிப் பாதையின் நடுவிலேயே புதைத்து, அதன் மேல் வண்டிகளை ஓட்டி மண்ணை இறுக்கிவிட்டுப் போனார்கள். ஓநாய் தோண்டக்கூடாது, கப்று இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது. தன் பிள்ளையின் கப்றைத் தானே அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டுப் போன தாய் தகப்பனை நினைத்துப் பாருங்கள்.

குடியேறி நிலைத்தவர்களின் மையவாடிகள் பெரும்பாலும் ஒரு குடும்பத்தில் தொடங்கின. காணியின் ஒரு மூலையில் முதல் பிள்ளையைப் புதைப்பார்கள். அடுத்த வருடம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து இடம் கேட்பார். காலப்போக்கில் ஊரே அங்கே வந்து சேரும், பெயர் மட்டும் அந்தக் குடும்பத்துடையதாகவே நிற்கும். ஊர் கொஞ்சம் வசதியானதும் "மவுண்ட்", "குரோவ்" என்று அலங்காரப் பெயர் வரும். பொஸ்டன் பக்கம் 1831இல் திறந்த மவுண்ட் ஓபர்ன் மையவாடியின் பாணி அது. மரமே அரிதான கன்சாஸ் சமவெளியில் "குரோவ்", அதாவது சோலை, வந்தது அப்படித்தான். டெட்வூட் என்ற தங்கச் சுரங்க ஊர் மலை மேல் அமைத்த மையவாடிக்கு "மவுண்ட் மோரியா" என்று பெயரிட்டது. பைபிளின்படி இப்ராஹீம் (அலை) அவர்கள் மகனைப் பலியிட அழைத்துச் சென்ற இடம் மோரியா. மினா என்பது நமது மரபு. அந்த மோரியாவில் சீனத் தொழிலாளர்களுக்குத் தனிப் பகுதி. அவர்களில் பலரின் எலும்புகளைப் பிறகு தோண்டியெடுத்துச் சீனாவுக்கே அனுப்பிவைத்தார்கள்.

வெற்றுக் காணி என்று அவர்கள் சொன்ன நிலம் வெற்றாக இருக்கவில்லை. ஒஹாயோவில் மரியெட்டா என்ற ஊரில் 1801இல் மையவாடி அமைத்தபோது, நடுவில் ஏற்கெனவே ஒரு பெரிய மண்மேடு நின்றது. வெள்ளையர் வருவதற்கு மிக நீண்ட காலத்துக்கு முன் அந்த மண்ணின் பூர்வ குடிகள் எழுப்பியது. அதைச் சுற்றித் தங்கள் இராணுவ அதிகாரிகளைப் புதைத்து, "மவுண்ட் செமெட்ரி", அதாவது மேட்டு மையவாடி, என்றார்கள். மேட்டைக் கட்டியவர்களின் பெயர் அதில் இல்லை. ஆனால் மையவாடி ஆனதால்தான் அந்த மேடு இடிபடாமல் தப்பியது.

நமது ஓட்டமாவடியை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. கொவிட் ஜனாஸாக்களை எரித்த அந்த மாதங்களுக்குப் பிறகு, முதலில் இரணைதீவு என்றார்கள். எதிர்ப்பு வந்தது. 2021 மார்ச் 5 முதல் மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. இடத்தைத் தேர்ந்தவர்கள் மையித்தின் குடும்பத்தினர் அல்லர். அங்கே கிடப்பவர்களில் அநேகர் அந்த ஊரைக் கண்ணாலும் காணாதவர்கள். பெயரும் மஜ்மா நகர் என்று மக்கள் வாயில் நிற்கவில்லை, "ஓட்டமாவடி" என்றே நிலைத்துவிட்டது.

இனி ஹாஜி அலி. 1850களில் அமெரிக்க இராணுவம் தென்மேற்குப் பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகம் இறக்கியது. ஒட்டகத்தை மேய்க்கத் தெரிந்தவர்களையும் 1856இல் கூடவே கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவர் சிரியாப் பக்கத்து ஹாஜி அலி. சிப்பாய்களின் வாயில் பெயர் நுழையவில்லை. "ஹை ஜொலி" ஆக்கிவிட்டார்கள். உள்நாட்டு யுத்தம் வந்து ஒட்டகத் திட்டம் கைவிடப்பட்டது, அவர் அங்கேயே தங்கிவிட்டார். 1902இல் அரிசோனாவின் குவார்ட்சைட்டில் மௌத்தானார். 1935இல் மாநில நெடுஞ்சாலைத் திணைக்களம் அவர் கப்றின் மேல் கல் பிரமிட் கட்டி, உச்சியில் செம்பு ஒட்டகம் வைத்தது. அவரைக் கேட்டிருந்தால் சம்மதித்திருப்பாரா என்பது வேறு கதை. இன்று அந்த முழு மையவாடிக்கும் பெயர் "ஹை ஜொலி செமெட்ரி". கிறிஸ்தவ முன்னோடிகள் நிறைந்த இடம், ஒரு ஹாஜியாரின் திரிந்த பெயரில்.

வடக்கு டகோட்டாவின் ரொஸ் என்ற சிற்றூரில் நிலைமை வேறு. 1900களின் தொடக்கத்தில் இன்றைய லெபனான், சிரியாப் பகுதிகளிலிருந்து போன முஸ்லிம் விவசாயிகள் அங்கே அரசு கொடுத்த காணியில் கோதுமை விதைத்தார்கள். 1929இல் சிறிய பள்ளி கட்டினார்கள், பக்கத்தில் மையவாடி. பிள்ளைகள் நகரங்களுக்குப் போனார்கள், ஜமாஅத் சுருங்கியது, 1970களில் பள்ளி இடிக்கப்பட்டது. மையவாடியை யாரும் அசைக்கவில்லை. 2005இல் அதன் அருகே மீண்டும் ஒரு சிறு பள்ளி எழுந்தது. தொழ ஆள் குறைவு. அதைக் கட்டியவர்கள் அங்கே அடங்கியிருப்பவர்களின் வழித்தோன்றல்கள்.