கரையும் பொன்னும் உறங்கும் பொன்னும்: கரி தாங்கிய பொன் வினையூக்கியில் அமிலத்தின் பங்கு

முன்னுரை

விழிஞ்ஞம் தொடங்கிக் கன்னியாகுமரி வரையுள்ள கரையோரத்தில் தேங்காய் ஓட்டைச் சிரட்டை என்பார்கள். சிரட்டைக்கரியை நீராவியில் கிளர்வூட்டினால் நுண்துளைகள் மலிந்த, உறுதியான கரி கிடைக்கிறது. இலங்கையின் ஹேகார்ப் நிறுவனம் 1973 முதல் இத்தொழிலில் இருக்கிறது. இத்தகைய கரியில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவான பொன்னை ஏற்றி, பாதரசம் நெடுங்காலம் பார்த்துவந்த ஒரு வேலையை அதற்குக் கொடுக்க முடியும். அசிட்டிலீனையும் ஹைட்ரஜன் குளோரைடையும் இணைத்து, பி.வி.சி நெகிழிக்கு மூலமான வினைல் குளோரைடை ஆக்குவதே அவ்வேலை.

அமில வாயுவின் நடுவிலேயே அந்தப் பொன் இருந்தாக வேண்டும். எனவே அதன் தரத்தை 'அமிலத்தில் கரையாமை' கொண்டு அளப்பது இயல்பாகத் தோன்றும். அந்த அளவுகோல் தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம். இவ்வினையில் அமிலத்துக்கு அசையாத பொன் பெரும்பாலும் வேலை செய்யாத பொன். வேலை செய்யும் பொன்னை அந்நிலையில் வைத்திருப்பதில் அமிலத்துக்கே பெரும்பங்கு உண்டு.

உரைகல்லின் சாட்சி

பொற்கொல்லர் உரைகல்லில் இழுத்த கோட்டின்மேல் நைட்ரிக் அமிலத்தை வைக்கிறார். பித்தளைக் கோடு மறைகிறது, பொற்கோடு நிற்கிறது. பொன் அமிலத்துக்கு அஞ்சாது என்ற நம் எண்ணம் இங்கிருந்து வருவது. அதே பட்டறையில் இருக்கும் இராஜதிராவகம் இந்த எண்ணத்துக்கு எல்லை வகுக்கிறது. மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் சேர்ந்த அக்கலவையில் பொன் கரைந்துவிடும்.

இதன் காரணத்தை எண்களில் காணலாம். தனித்த +3 பொன் அயனி உலோகமாக ஒடுங்குவதற்கான நியம மின்னழுத்தம் சுமார் 1.5 வோல்ட். குளோரைடு சூழ்ந்த நிலையில் அது சுமார் 1.0 வோல்ட்டாக இறங்குகிறது. நைட்ரிக் அமிலம் எலக்ட்ரானைப் பறிக்கிறது. பறிகொடுத்த பொன்னைக் குளோரைடு பிடித்துக்கொள்கிறது. ஒன்று இல்லாமல் மற்றொன்றால் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. ஆகவே பொன்னைப் பொறுத்தவரை அமிலத்தின் புளிப்பைவிட, அதனுடன் வரும் எதிரயனியும் ஆக்சிஜனேற்றியும் முக்கியமானவை.

பொற்சுரங்கத் தொழிலும் இதையே காட்டுகிறது. சயனைடு கரைசலிலிருந்து பொன்னைப் பிடித்த கரியை, அதில் படிந்த சுண்ணாம்பு நீங்க நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவுவார்கள். சுண்ணாம்பு போய்விடும்; பொன் கரியிலேயே இருக்கும்.

கரியின் ஒடுக்கும் குணம்

தாங்குபொருள் வெறும் தட்டு அன்று. குளோரைடு சூழ்ந்த பொன் கரைசல் கரியைத் தொட்டால், கரி எலக்ட்ரானைக் கொடுத்துப் பொன்னை உலோகமாக்கிவிடும். வெறும் நீரில் கரைத்த பொன் உப்பைக் கரியில் ஊறவைத்தால் கிடைப்பவை உலோகத் துகள்கள். வினைல் குளோரைடு ஆக்கத்தில் அவை ஏறத்தாழச் செயலற்றவை. அதே பொன்னை இராஜதிராவகத்தில் கரைத்து அதே கரியில் ஏற்றும்போது, தனித்தனி அயனிகளாகப் பரவிய பொன் கிடைக்கிறது.

2017-இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் கிரகாம் ஹட்சிங்ஸ் குழுவினர், வினை நடந்துகொண்டிருக்கும்போதே எக்ஸ் கதிர் உட்கவர் நிறமாலை எடுத்தனர். ஊக்கத்துடன் இயங்கும் பொன் +1, +3 நிலைகளில், துகளாகத் திரளாமல் இருப்பது அதில் தெரிந்தது. உலோகத் துகள்களே ஊக்கிகள் என்ற கருத்து, குறைந்தபட்சம் இவ்வினையில், இதற்குப்பின் நிற்பது கடினம்.

இதே ஹட்சிங்ஸ்தான் 1985-இல், உலோக அயனிகளின் ஒடுக்க மின்னழுத்தத்தை வைத்து, இவ்வினைக்குப் பொன்னே சிறந்த ஊக்கியாக இருக்கும் என்று கணித்தவர். எளிதில் ஒடுங்கும் இயல்பு பொன்னின் திறனுக்கும் காரணம், அதன் வீழ்ச்சிக்கும் காரணம்.

வினைக்கலத்துக்குள்

சுமார் 180 பாகை செல்சியஸில் இரண்டு வாயுக்களும் பொன்னை எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. அசிட்டிலீன் ஒடுக்குகிறது, ஹைட்ரஜன் குளோரைடு அயனி நிலையைத் தாங்குகிறது. வினைக்கு முன் ஊக்கியின்மேல் ஹைட்ரஜன் குளோரைடை மட்டும் செலுத்தினால் செயல்திறன் கூடுகிறது. அசிட்டிலீனை மட்டும் செலுத்தினால் குறைகிறது. நாள்பட ஓடி ஓய்ந்த ஊக்கியை இராஜதிராவகத்தில் கொதிக்க வைத்தால், திரண்ட பொன் மீண்டும் ஆக்சிஜனேற்றம் பெற்றுப் பரவுகிறது; இழந்த திறனும் திரும்புகிறது. உரைகல் அளவுகோலின்படி இது பொன்னின் அழிவு. ஊக்கியைப் பொறுத்தவரை இது உறக்கத்திலிருந்து எழுவது.

இரண்டு மறுப்புகள்

அமிலம் இன்றியும் செயலுள்ள ஊக்கியைச் செய்ய முடிகிறதே என்பது முதல் மறுப்பு. உண்மைதான். ஜான்சன் மேத்தி நிறுவனம் வணிக அளவுக்குக் கொண்டுவந்த ஊக்கி, பொன் தயோசல்பேட்டின் நீர்க்கரைசலிலிருந்து ஆக்கப்படுவது. இராஜதிராவகக் கழிவு என்ற தலைவலி அதில் இல்லை. ஆனால் அங்கும் கந்தகம் பிடித்துக்கொண்டிருப்பது +1 நிலைப் பொன்னைத்தான். வழி மாறினாலும் காக்கப்படும் நிலை மாறவில்லை.

இரண்டாம் மறுப்பு நீர்க்கரைசல் வினைகளிலிருந்து வருவது. கிளிசரால் போன்ற ஆல்கஹால்களைக் கரி தாங்கிய பொன்மேல் ஆக்சிஜனேற்றும்போது காரம் தேவைப்படுகிறது. கரைசல் அமிலமாகும்போது வேகம் தளர்கிறது. அங்கே வேலை செய்வது உலோகத் துகள். ஆல்கஹாலிலிருந்து ஹைட்ரஜனை இழுக்கக் காரம் உதவுகிறது. இது வாதத்தை முறிக்கவில்லை, கூர்மையாக்குகிறது: எந்த நிலைப் பொன்னுக்கு எந்த வேலை என்று சொல்லாமல், அமிலம் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பொருளில்லை.

முடிவுரை

இவ்வினைக்கு இன்றும் பரவலாகப் பயன்படுவது கரியில் ஏற்றிய பாதரச குளோரைடு, சீனாவின் பி.வி.சியில் பெரும்பங்கு இந்த வழியில் வருவது. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-இல் அதை ஏற்புறுதி செய்தது. பாதரசம் மண்ணில் விட்டுச்செல்வது என்ன என்பதைக் கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை தமிழகத்துக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. விழிஞ்ஞம் துறைமுகத்தை இயக்கும் அதானி குழுமம் குஜராத்தின் முந்திராவில் திட்டமிட்டுள்ள பி.வி.சி ஆலை, கார்பைடு – அசிட்டிலீன் வழியை மேற்கொள்வது. எனவே ஊக்கி பற்றிய கேள்வி இந்தியாவுக்கும் நெருங்கி வந்துவிட்டது.

சிரட்டைக்கரி தாங்கிய பொன்னை நம் ஆய்வகங்கள் சோதிக்கும்போது, 'அமிலத்தில் இத்தனை சதவீதம் பொன் கரைந்தது' என்ற ஒற்றை எண் போதாது. மூன்று செய்திகள் சேர்ந்து வரவேண்டும். ஒன்று, அமிலத்துடன் குளோரைடும் ஆக்சிஜனேற்றியும் இருந்தனவா என்பது. இரண்டு, அமிலம் கரியை என்ன செய்தது என்பது: சிரட்டைச் சாம்பலில் மிகுந்துள்ள பொட்டாசியம் கழுவப்பட்டதா, நைட்ரிக் அமிலம் கரியின் மேற்பரப்பில் ஆக்சிஜன் தொகுதிகளை விட்டுச்சென்றதா? மூன்று, கரையாமல் தங்கிய பொன் எந்த ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கிறது என்பது. முதல் இரண்டையும் அளந்து மூன்றாவதை விட்டுவிட்டால், உறங்கும் பொன்னுக்கே நற்சான்று கொடுத்தவர்களாவோம்.