தென்னார்க்காட்டில் இசைவகுப்பு: குருகுலத்திலிருந்து பாடவேளைக்கு

இசைவகுப்பு என்பது ஒரே பாடவேளையில் ஓர் ஆசிரியர் பல மாணவர்களுக்கு இசை கற்பிக்கும் முறை. தமிழகத்தில் இம்முறை 20-ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது.

பின்னணி

குருகுலத்தில் மாணவர் ஆசிரியரின் வீட்டிலேயே தங்கிப் பயின்றார். பிழை அந்தந்தக் கணமே திருத்தப்பட்டது. ஆனால் குருவின் வீட்டை எட்ட முடிந்தவருக்கே அக்கல்வி வாய்த்தது. பிறந்த குடும்பமும் ஊரும் அதைத் தீர்மானித்தன.

கல்லூரிகள்

அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் சிதம்பரத்தில் இசைக்கல்லூரி தொடங்கினார். அது 1932-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. அன்று சிதம்பரமும் கள்ளக்குறிச்சியும் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. சென்னையில் மியூசிக் அகாடமி 1931-ல் இசையாசிரியர்களுக்கெனத் தனிக் கல்லூரி நிறுவியது. பாடுவது வேறு, வகுப்பில் பாடக் கற்பிப்பது வேறு என்ற புரிதல் இதில் வெளிப்பட்டது.

வகுப்பின் சிக்கல்

வகுப்பில் எல்லாருக்கும் ஒரே சுருதி பொருந்துவதில்லை. குரல் உடையும் வயதுச் சிறுவர்கள் மேல் ஸ்தாயியை எட்டத் திணறுவர். பலர் சேர்ந்து பாடும்போது ஒருவரின் அபசுரம் மறைந்துவிடும். தாளம் போடாமல் சும்மா இருப்பவரிடமிருந்தே வகுப்பின் சலசலப்பு தொடங்கும்.

வரிசைகளும் பயிற்சித் திட்டமும்

இதற்கான கருவி மரபிலேயே இருந்தது. சரளிவரிசை, ஜண்டைவரிசை, அலங்காரம் என்ற படிநிலைப் பாடங்களை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. இவை மாயாமாளவகௌளை ராகத்தில் மூன்று காலங்களில் பாடப்படுகின்றன. இரண்டாம் காலத்தின் வேகம் முதல் காலத்தைப் போல் இரு மடங்கு. எனவே புதியவர்கள் ஒரு வரிசையை முதல் காலத்தில் ஒருமுறை பாடும் நேரத்தில், தேர்ந்தவர்கள் அதையே இரண்டாம் காலத்தில் இருமுறை பாடலாம். தாளம் ஒன்றே என்பதால் வகுப்பு சிதறாது. ஒரு குழு பாட, மற்றொரு குழு தாளம் போட்டால் ஒருவரும் வெறுமனே இருப்பதில்லை. சேர்ந்து பாடியபின் சிலரைத் தனியே பாடச் சொன்னால் மறைந்த பிழை வெளிப்படும். குருகுலத்தின் தனித்திருத்தம் சிறிதளவேனும் வகுப்புக்குள் வருவது இவ்வாறுதான்.

இன்றைய நிலை

தென்னார்க்காடு 1993-ல் பிரிக்கப்பட்டது. விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமானது. விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி உள்ளது. கல்வராயன் மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இயங்குகின்றன. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத்திருவிழா நடப்பதால் குழுப்பாடலுக்கான ஒத்திகையும் ஆசிரியரின் வேலையாகியுள்ளது.

தேர்வு நெருங்கும்போது இசைப் பாடவேளை வேறு பாடத்துக்குப் போவது பல பள்ளிகளில் வழக்கம். நகரத்து மாணவர் அந்த இழப்பைத் தனிவகுப்பில் ஈடுசெய்வார். மலைக்கிராமத்து மாணவருக்குப் பெரும்பாலும் அந்த வழி இல்லை. குருகுலத்தின் வாசல் யாருக்கு மூடியிருந்ததோ அவருக்காகத் திறந்தது பாடவேளை. அது திட்டமின்றிக் கழிந்தால் முதலில் இழப்பவரும் அவரே.