தொழிற்சங்க அரசியல் நிதி

தொழிற்சங்க உறுப்பினர்கள் தேர்தல் முதலிய அரசியல் பணிகளுக்கென விரும்பித் தரும் பணத்தை, பொதுச் சந்தாவுடன் கலக்காமல் தனிக் கணக்கில் வைத்துச் சங்கம் செலவிடும் நிதி. நிறுவனப் பணியாளர்கள் கூட்டாக அரசியல் நன்கொடை அளிக்க இந்தியச் சட்டம் வகுத்த வழி இது.

முன்வரலாறு: பிரிட்டனில் 1909ஆம் ஆண்டின் ஆஸ்போர்ன் தீர்ப்பு, சங்கப் பணத்தை அரசியலுக்குச் செலவிடக் கூடாதென்றது. 1913ஆம் ஆண்டுச் சட்டம் தனி நிதி மூலம் அதை அனுமதித்தது.

சென்னை, 1918–1921: பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் நடத்திவந்த வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை ஒரு பக்தி சபை. ஆலைத் தொழிலாளர் அங்கே சொற்பொழிவு கேட்க வந்து, தங்கள் குறைகளையும் சொல்லத் தொடங்கினர். 1918 மார்ச் 2இல் ஜங்கராமாயம்மாள் தோட்டத்தில் தமிழறிஞர் திரு. வி. க. அவர்களிடையே பேசினார். ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி. பி. வாடியா தலைவரானார். இந்தியாவின் முதல் தொழிற்சங்கமாக இதைப் பலர் குறிப்பிடுவர். 1890இல் லோகாண்டே பம்பாயில் தொடங்கிய ஆலைத் தொழிலாளர் அமைப்புக்கு அவ்விடத்தை அளிப்போரும் உளர். 1920இல் ஆலை உரிமையாளரான பின்னி நிறுவனம் வாடியா உள்ளிட்டோர்மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடை பெற்றது. சங்கம் அமைப்பதே வழக்குக்கு ஆளாகும் செயலாக இருந்த நிலை இதனால் வெளிப்பட்டது. 1921இல் தொழிற்சங்கத் தலைவர் என். எம். ஜோஷி மத்திய சட்டசபையில் சங்கங்களுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் கோரினார். பின்னர் 1926இல் அச்சட்டம் பிறக்க பின்னி வழக்கு எவ்வளவு காரணம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

1926ஆம் ஆண்டுச் சட்டம்: 1927 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த தொழிற்சங்கச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தனியாகத் திரட்டிய பணத்திலிருந்து வேட்பாளரின் தேர்தல் செலவு, பிரசாரக் கூட்டங்கள், துண்டறிக்கைகள், வாக்காளர் பதிவு, உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் பராமரிப்பு ஆகியவற்றுக்குச் செலவிட அனுமதித்தது. இப்பணம் தர எவரையும் வற்புறுத்தக் கூடாது. தராதவரைச் சங்கச் சலுகைகளிலிருந்து விலக்கக் கூடாது. அந்நிதியை நிர்வகிப்பதில் மட்டும் வேறுபாடு காட்டலாம். சங்கத்தில் சேர்வதற்கே இதை நிபந்தனையாக்குவதும் கூடாது. ஏழைத் தொழிலாளியின் மனச்சான்றைக் காத்த சிறந்த விதிகளுள் ஒன்று இது.

விலக்குகள்: மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் (1964), இரயில்வே ஊழியர் நடத்தை விதிகள் (1966), தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் (1973) ஆகியவை அரசியல் கட்சிகளுக்குத் துணைபோவதைத் தடுக்கின்றன. எனவே, எடுத்துக்காட்டாக, தாம்பரம் இரயில்வே ஊழியருக்கு இவ்வழி அடைபட்டுள்ளது. அதே தாம்பரம் மாநகராட்சிக்குட்பட்ட கீழ்க்கட்டளையில் வாழும் தனியார் ஆலைத் தொழிலாளிக்குத் திறந்துள்ளது.

பிற்காலம்: பணியாளர்களுக்கு அப்பால், நிறுவனங்களே கட்சிகளுக்கு அளிக்கும் நன்கொடைக்கு 1969இல் தடை வந்தது, 1985இல் அது தளர்ந்தது. நிறுவனங்களும் கட்சிகளுக்கு நன்கொடை தரப் பயன்பட்ட தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15இல் ரத்து செய்தது. தொழில்துறை உறவுகள் சட்டத்தொகுப்பு (2020), 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்து 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது. தனி நிதியும் விருப்பக் கொடை என்ற கொள்கையும் அதிலும் தொடர்கின்றன.