காலடியில் கிடக்கும் வரலாறு



மங்களூரில் பட்டிமன்றம் என்று வீட்டிலே சொன்னேன். "கன்னடத்துலயா பேசப் போறீங்க?" என்று கேட்டார்கள். "இது விருத்தாசலம் பக்கத்து மங்களூர், தமிழ்லயே பேசலாம்" என்றேன். (சிரிப்பு) பேர் மாறாத ஊருக்கே இந்தக் குழப்பம் என்றால், பேர் மாறிப்போன இடங்களின் கதியை நினைத்துப் பாருங்கள்.

நகரத்துப் பேட்டைகளின் வரலாற்றைக் காப்பது அரசா, மக்களா என்பது தலைப்பு. மக்களே என்பது எங்கள் கட்சி.

சென்னையில், திருவொற்றியூர் போகிற வழியிலே காலடிப்பேட்டை என்று ஓர் இடம். யாருடைய காலடி? ராமரா, அகத்தியரா? யாருமில்லை ஐயா! 1717 முதல் 1720 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கவர்னர் ஜோசப் காலெட். நெசவாளர்களைக் கொண்டுவந்து அவர் குடியேற்றிய இடம் காலெட் பேட்டை. நம்ம வாய்க்குக் காலெட் வரவில்லை, காலடி ஆக்கிவிட்டோம். அங்கே கல்யாண வரதராசப் பெருமாள் கோயில் இருக்கிறது. துரையிடம் வேலை பார்த்த ஒருவர், காஞ்சி வரதரைப் பார்க்காமல் இருக்க மாட்டாராம். அந்தப் பக்தியைக் கண்டு துரையே இந்தக் கோயில் எழ உதவினார் என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்லுவார்கள். கதையில் உண்மை எத்தனை பங்கு என்பதை ஆராய்ச்சிக்காரர்கள் அளக்கட்டும். அதை இத்தனை காலம் வாயிலே வைத்துக் காப்பாற்றியது எந்த அரசாணை? பாட்டி சொன்னாள், பேரன் கேட்டான். அவ்வளவுதான்!

1734-இல் சுங்குராமாவின் தோட்டத்தை எடுத்து நெசவாளர்களுக்காக உண்டாக்கியது சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப் பேட்டைதான் இப்படி ஆயிற்று என்பார்கள். கப்பலேறுகிற துணியை வெளுத்தவர்கள் வாழ்ந்தது வண்ணாரப்பேட்டை. துணிக்காகத்தானே ஐயா வெள்ளைக்காரன் இங்கே கடை விரித்தான்! அந்தத் தறிக்காரர் வீட்டிலே என்ன பேசினார்கள், என்ன சமைத்தார்கள் என்பது கம்பெனிக் கணக்கிலே வராது. கணக்கும் இப்போது எங்கே இருக்கிறது? கொஞ்சம் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலே, மீதி லண்டனிலே. சுந்தரர் இந்தத் திருமுதுகுன்றத்து மணிமுத்தாற்றிலே பொன்னைப் போட்டார், திருவாரூர்க் குளத்திலே எடுத்தார். அவருக்குச் சிவபெருமான் ஜாமீன். நமக்கு யார்?

அரசு நினைவு இல்லம் எடுக்கிறதே என்றார் எதிரணி நண்பர். எடுக்கிறது, மறுக்கவில்லை. உ.வே.சா.வின் சொந்த ஊரான உத்தமதானபுரத்தில் நினைவு இல்லம் இருக்கிறது. ஆனால் அவர் ஏடுகளோடு பல ஆண்டுகள் வாழ்ந்த திருவல்லிக்கேணி வீடு, 'தியாகராச விலாசம்', 2012-இல் இடிபட்டது. சங்கத் தமிழை மீட்டவர் வீட்டையே மீட்க முடியவில்லை. தமிழ் வாத்தியாராக அது எனக்கு ஆறாத புண். அரசின் பட்டியலிலே பெரியவரின் சொந்த ஊர் வரும். அவர் தினம் நடந்த தெரு வருமா? தெருக்காரன்தான் முதலில் குரல் கொடுக்க வேண்டும்.

கொடுத்தவர்களும் உண்டு. சென்னைக்கு இடம் தரப்பட்ட நாள் 1639 ஆகஸ்டு 22. அதை வைத்து எஸ். முத்தையாவும் நண்பர்கள் சிலரும் 2004-இல் சென்னை தினத்தைத் தொடங்கினார்கள். அரசு விழாவாக அல்ல, ஆர்வலர்கள் கூடிச் செய்ததுதான். இப்போது ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஜனங்கள் தெருத்தெருவாக நடந்து, இது யார் வீடு, இது என்ன கோயில் என்று கேட்கிறார்கள்.

சென்னைக் கதை நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். விருத்தாசலத்துக் கோயிலுக்குக் கல்வெட்டு இருக்கிறது. பீங்கான் பொம்மையும் அகல் விளக்கும் செய்கிற தெருவுக்கு எந்தக் கல்லிலே எழுதியிருக்கிறது? மண் எங்கிருந்து வந்தது, முதல் சூளையை யார் மூட்டினார்கள், கூலி என்ன, உடைந்த பொம்மை யார் கணக்கிலே போயிற்று என்று சொல்லக்கூடிய தாத்தாக்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். இன்றைக்கு ராத்திரி சாப்பாடு ஆனதும் பேத்தியைப் பக்கத்திலே உட்கார வைத்து, அவள் பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்திலே அதை எழுதச் சொல்லுங்கள்.

நடுவர் மணியிலே கை வைத்துவிட்டார்.