பாலாற்றங்கரை முதல் ஏலகிரி வரை: சைக்கிளில் போக எந்த ரூட் பாதுகாப்பானது? முழு விவரம்

சென்னையில் ரோடு சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஞாயிறு காலை என்றாலே பெரும்பாலும் ஈசிஆர்தான். கடலோரமாக மாமல்லபுரம் வரை போய்த் திரும்பலாம். ஆனால் அந்த ரோட்டில் ஏற்றம் என்று சொல்ல எதுவுமே இல்லை. "ஒரு தடவையாவது மலை ஏறிப் பார்க்கணும்" என்று ஆசைப்படுபவர்களுக்கு, ரயிலில் இரண்டு மூன்று மணி நேரத்தில் எட்டக்கூடிய நல்ல இடம் பாலாறு பள்ளத்தாக்கு. சமதளம், மலையடிவாரம், கொண்டை ஊசி வளைவு என மூன்றும் இங்கே கிடைக்கும்.

ஆனால் இந்தப் பகுதியில் சைக்கிளில் போகிறவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று தேசிய நெடுஞ்சாலை. இன்னொன்று மலை இறக்கம். ரூட்டைத் தேர்வு செய்யும்போதே இந்த இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பாலாறு பள்ளத்தாக்கு என்பது எது?

கர்நாடகாவின் நந்தி மலைப் பகுதியில் உற்பத்தியாகும் பாலாறு, ஆந்திரா வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து, செங்கல்பட்டு மாவட்டத்தின் வயலூர் அருகே கடலில் கலக்கிறது. மொத்த நீளம் 348 கி.மீ. அதில் 222 கி.மீ. தமிழ்நாட்டில்தான். ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகத்தான் தெரியும்.

வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு ஆகிய ஊர்கள் எல்லாம் இந்த ஆற்றை ஒட்டியவை. தெற்கே ஜவ்வாது மலை. வாணியம்பாடிக்கும் திருப்பத்தூருக்கும் இடையே தனியாக நிற்பது ஏலகிரி. சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போகின்றன. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் ஆண்டு ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை ஓடியதும் இந்தப் பக்கம்தான்.

சென்னையில் இருந்தே ஓட்டிக்கொண்டு போகலாமா?

முடியும். ஆனால் புதிதாக ஓட்டுபவர்கள் தவிர்ப்பது நல்லது. ஈக்காட்டுத்தாங்கலில் இருந்து கத்திப்பாரா, பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாக வாலாஜாபேட்டை போகவே 100 கி.மீ.க்கு மேல் ஆகும். அதில் பெரும்பகுதி கன்டெய்னர் லாரிகளும் தொழிற்சாலை பஸ்களும் ஓடும் நெடுஞ்சாலை.

நெடுஞ்சாலையில் ஆபத்து பின்னால் வரும் வேகம் மட்டும் அல்ல. மேம்பாலம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் சர்வீஸ் ரோடு வந்து சேரும். அங்கே இடது பக்கம் திரும்பும் வண்டியின் குறுக்கே நேராகப் போகும் சைக்கிள் மாட்டிக்கொள்கிறது. ஓரமாக நிறுத்தப்பட்ட லாரியைச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். எதிர்த்திசையில் வரும் டூவீலர் வேறு. வேறு வழியே இல்லாமல் நெடுஞ்சாலையில் போக வேண்டி வந்தால் சர்வீஸ் ரோட்டிலேயே போவது நல்லது. கட்டப்பட்டு வரும் சென்னை - பெங்களூரு விரைவுச்சாலை சைக்கிளுக்கானது அல்ல.

எளிய வழி ரயில்தான். சைக்கிளை ஸ்டேஷனில் உள்ள பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து லக்கேஜ் வேனில் அனுப்பலாம். எல்லா ரயிலிலும், எல்லா ஸ்டேஷனிலும் ஏற்றி இறக்க வசதி இருக்காது. அதனால் முதல் நாளே விசாரித்துவிட வேண்டும்.

நான்கு ரூட்கள்: எளிதில் இருந்து கடினம் வரை

1. வாலாஜா ரோடு - ராணிப்பேட்டை - திருவலம் - காட்பாடி (சுமார் 30 கி.மீ.)

முதல்முறை வருபவர்களுக்கு இதுதான் சரியான ரூட். தேசிய நெடுஞ்சாலை ராணிப்பேட்டைக்குப் பக்கத்திலேயே பாலாற்றைத் தாண்டி, ஆற்காடு வழியாகத் தென்கரையில் வேலூருக்குப் போய்விடும். வடகரை ரோட்டில் லாரி கூட்டம் அந்த அளவுக்கு இருக்காது. கிட்டத்தட்ட சமதளம். திருவலத்தில் பொன்னை ஆறு குறுக்கிடும். தேவாரப் பாடல் பெற்ற வில்வநாதேஸ்வரர் கோயிலும் அங்கேதான் இருக்கிறது. தொடங்குவது, முடிப்பது இரண்டும் ரயில் நிலையம் என்பதால் களைத்துப்போனாலும் ரயில் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம்.

2. வேலூர் - கணியம்பாடி - அமிர்தி (ஒரு வழி சுமார் 25 கி.மீ.)

ஜவ்வாது மலையின் அடிவாரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும் ரூட். கணியம்பாடி வரை திருவண்ணாமலை சாலை என்பதால் பஸ் போக்குவரத்து அதிகம். அங்கிருந்து பிரிந்த பிறகு ரோடு சின்னதாகி, மெதுவாக மேலே ஏறும். அமிர்தியில் வனத்துறையின் சிறிய உயிரியல் பூங்கா இருக்கிறது. ஏற்றத்தில் உடம்பு எப்படி இருக்கிறது என்று சோதித்துப் பார்க்க நல்ல ரூட்.

3. வாணியம்பாடி - ஆலங்காயம் - காவலூர் (ஒரு வழி சுமார் 30 கி.மீ.)

ஜவ்வாது மலையில் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர் வைணு பாப்பு வானியல் ஆய்வகம். 1986 முதல் இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கி இங்கேதான் உள்ளது. நகர வெளிச்சம் இல்லாத இடம் என்பதால்தான் ஆய்வகத்துக்கு இந்த மலை தேர்வானது. சைக்கிளில் போகிறவர்களுக்கு அதுவே எச்சரிக்கை. இருட்டிவிட்டால் ரோட்டில் குழி தெரியாது. மதியத்துக்குள் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். ஆலங்காயத்தைத் தாண்டினால் கடைகள் குறைவு. தண்ணீரை அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம்.

4. ஜோலார்பேட்டை - பொன்னேரி - ஏலகிரி (ஒரு வழி சுமார் 20 கி.மீ.)

இந்தப் பகுதியில் பலரும் ஏறிப் பார்க்க ஆசைப்படும் மலை. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். மலையடிவாரத்தில் இருக்கும் இந்தப் பொன்னேரி வேறு, திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வேறு. மேப்பில் தேடும்போது குழப்பிக்கொள்ள வேண்டாம். சுற்றுலா ஊர் என்பதால் சனி, ஞாயிறு காலை 8 மணிக்கு மேல் கார்களும் வேன்களும் வரிசை கட்டும். வார நாளோ, விடியற்காலையோ நல்லது.

ஏலகிரி ஏறுவது எவ்வளவு கஷ்டம்?

அடிவாரத்தில் இருந்து மேலே வரை சுமார் 600 மீட்டர் உயரம் ஏற வேண்டும். 10 கி.மீ.க்கு சற்று அதிகமான தூரத்தில் இந்த உயரம் வருகிறது. அதாவது ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சராசரியாக 4 முதல் 6 மீட்டர் ஏற்றம். வளைவுகளின் உள்பக்கம் இதைவிடச் செங்குத்தாக இருக்கும்.

இங்கே காலில் உள்ள பலத்தைவிட கியர்தான் முக்கியம். முன்பக்கம் 34 பல், பின்பக்கம் 32 பல் உள்ள கியரில் நிமிடத்துக்கு 60 முறை பெடல் சுற்றினால் வேகம் மணிக்கு சுமார் 8 கி.மீ. அந்த வேகத்தில் ஒன்றரை மணி நேரத்தில் மேலே போய்விடலாம். பின்பக்கப் பெரிய பல்சக்கரம் 25 பல்லுக்குள் இருந்தால் பெடலை மிதிக்கவே முட்டி வலிக்கும். கிளம்பும் முன்பே மெக்கானிக்கிடம் கேசட்டை மாற்றிக்கொள்வது நல்லது.

மூச்சு முட்டினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால் வளைவில் நிற்கக் கூடாது. நேரான இடத்தில், ரோட்டை விட்டு வெளியே நிற்க வேண்டும்.

ஏற்றத்தைவிட இறக்கம் ஏன் ஆபத்து?

"மேலே ஏறிட்டோம், இனி ஜாலிதான்" என்று நினைக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

சைக்கிளும் ஓட்டுபவரும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 600 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் சுமார் 470 கிலோஜூல். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். இதில் ஒரு பகுதி காற்றிலும் டயரிலும் போய்விடும். மெதுவாக இறங்கினால் மீதி முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாறும். ரிம் பிரேக் என்றால் ரிம் சூடாகும். அளவுக்கு மீறினால் உள்ளே டியூப் வெடிக்கலாம். கார்பன் ரிம் என்றால் இன்னும் கவனம் தேவை. டிஸ்க் பிரேக்கிலும் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் பிடிப்பு குறையும்.

என்ன செய்ய வேண்டும்?

• பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வரக் கூடாது. அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்த வேண்டும். விடும் நேரத்தில்தான் ரிம் ஆறும்.
• வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும். வளைவின் நடுவில் முன் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கும்.
• திரும்பும்போது வளைவின் வெளிப்பக்கப் பெடல் கீழே இருக்க வேண்டும். பார்வை வெளியேறும் இடத்தில் இருக்க வேண்டும்.
• கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்ப ரோட்டின் முழு அகலமும் தேவைப்படும். ஹார்ன் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்றுவிட வேண்டும்.
• குறுகலான மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்குபவர்தான் வழிவிட வேண்டும்.
• நடுவில் இரண்டு மூன்று முறை நின்று பிரேக் ஆறும்வரை காத்திருக்கலாம். ரிம்மையோ டிஸ்க்கையோ கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், சுட்டுவிடும்.

இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் ஹெல்மெட் விதி சைக்கிளுக்குப் பொருந்தாது. அதற்காக ஹெல்மெட் இல்லாமல் மலை இறங்குவது புத்திசாலித்தனம் இல்லை.

எந்த மாதத்தில் போகலாம்?

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை சிறந்தது. காலையில் மலையில் மூடுபனி இருக்கலாம் என்பதால் முன்னும் பின்னும் லைட் அவசியம். மார்ச்சுக்குப் பிறகு வேலூர் வெயில் பற்றிச் சொல்லவே வேண்டாம். அக்னி நட்சத்திர நாட்களில் இந்தப் பள்ளத்தாக்கில் சைக்கிளை எடுக்காமல் இருப்பதே நல்லது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் வேறு ஆபத்து இருக்கிறது. வறண்டு கிடக்கும் பாலாறுதானே என்று நினைக்க வேண்டாம். 2021 நவம்பரில் வந்த வெள்ளத்தில் மாதனூர் - குடியாத்தம் சாலையின் தரைப்பாலம் சேதமடைந்து போக்குவரத்து துண்டிக்கப்பட்டது. மேலே ஆந்திராவிலோ கர்நாடகாவிலோ பெய்த மழைக்கும் இங்கே தண்ணீர் வரும். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் இறங்கவே கூடாது. திரும்பிவிட வேண்டும்.

கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

• இரண்டு பாட்டில் தண்ணீர். ஒரு மணி நேரத்துக்கு அரை முதல் முக்கால் லிட்டர் கணக்கு. ஒன்றில் ஓஆர்எஸ் கலந்துகொள்ளலாம்.
• இரண்டு மாற்று டியூப், டயர் லீவர், சின்ன பம்ப்.
• பிரெஸ்டா வால்வு உள்ள சைக்கிள் என்றால் அடாப்டர் கட்டாயம். ஊர் பஞ்சர் கடை பம்ப் அந்த வால்வில் நேரடியாகப் பொருந்தாது.
• டயர் 28 மி.மீ. அல்லது அதற்கு மேல். 23 மி.மீ. டயர் கிராமத்து ரோட்டுக் குழியில் சீக்கிரம் பஞ்சர் ஆகும்.
• அடையாள அட்டை, சில்லறைப் பணம், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் நம்பர் எழுதிய சீட்டு.

தலைசுற்றல், குமட்டல், திடீரென்று வியர்வை நிற்பது ஆகியவை வெப்பவாதத்தின் அறிகுறிகள். உடனே நிழலில் உட்கார்ந்து உடம்பில் தண்ணீர் ஊற்ற வேண்டும். நிலைமை மோசமானால் 108ஐ அழைக்க வேண்டும்.

எந்த வரிசையில் முயற்சி செய்யலாம்?

முதலில் வாலாஜா ரோடு - காட்பாடி. அது எளிதாக இருந்தால் அமிர்தி. அங்கே இறக்கத்தில் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கப் பழகிய பிறகு காவலூர் அல்லது ஏலகிரி. தனியாகப் போவதைவிட இரண்டு மூன்று பேராகப் போவது பாதுகாப்பு. மலையில் சில இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. எந்த ரூட், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.