த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய் (திரைப்படம்)

த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய் (குவாய் ஆற்றின் மீதான பாலம்) என்பது டேவிட் லீன் இயக்கத்தில் 1957 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கிலப் போர்த் திரைப்படமாகும். பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் பூல் 1952 இல் எழுதிய புதினத்தைத் தழுவி எடுக்கப்பட்டது. பாலம் தொடர்பான காட்சிகள் இலங்கையின் கித்துல்கலையில், களனி ஆற்றில் படமாக்கப்பட்டன. சிறந்த திரைப்படம், இயக்குநர், நடிகர் உட்பட 7 அகாதமி விருதுகளைப் பெற்றது.

கதைச் சுருக்கம்

இரண்டாம் உலகப் போரில் சப்பானியரிடம் சிறைப்பட்ட பிரித்தானியப் படையினர், சயாம்-பர்மா தொடருந்துப் பாதைக்காகப் பாலம் ஒன்றைக் கட்டப் பணிக்கப்படுகின்றனர். அவர்களது தலைவரான கர்னல் நிக்கல்சன் (அலெக் கின்னஸ்) அப்பாலத்தைச் சிறப்பாகக் கட்டி முடிக்கிறார். அதே வேளையில் நேச நாட்டுக் குழுவொன்று அதைத் தகர்க்க வருகிறது.

கதை மாந்தர்

அதிகாரிகளை உடலுழைப்பில் ஈடுபடுத்துவது செனீவா உடன்படிக்கைக்கு முரணானது எனக் கூறி, நிக்கல்சன் வெப்பம் மிகுந்த தகரக் கூண்டில் அடைபடுகிறார். முகாம் தலைவர் கர்னல் சைட்டோ (செசு அயகாவா) இறுதியில் பணிகிறார். ஆனால், பாலத்தைக் குறித்த நாளில் முடிப்பதற்காக அதிகாரிகளையும் நோயாளிகளையும் பின்னர் வேலைக்கு அழைப்பவர் நிக்கல்சனே. எந்த விதிக்காகத் துன்புற்றாரோ அதையே அவர் கைவிடுகிறார். இதனால் அவரைக் கோழையாகவோ துரோகியாகவோ மட்டும் கொள்ள இயலாது. அவரது ஒழுங்குணர்வே நோக்கத்தை மறக்கும்போது பகைவருக்குத் துணையாகிறது. இம்முரண்பாட்டை உணர்ந்து கேள்வி எழுப்புபவர் மருத்துவர் கிளிப்டன்.

குறியீடுகள்

பாலம்: சைட்டோவுக்கு அது தண்டனைக்கு அஞ்சி நிறைவேற்ற வேண்டிய கட்டளை, நிக்கல்சனுக்குத் தம் வாழ்நாள் பணியின் சான்று, தகர்ப்புக் குழுவினருக்கு வெறும் இலக்கு.

பெயர்ப்பலகை: பாலத்தைப் பிரித்தானியப் படையினர் கட்டியதாக நிக்கல்சன் பலகை பொருத்துகிறார். அவர்கள் கைதிகள் என்பதோ, பாலம் யாருக்குப் பயன்படும் என்பதோ அதில் இல்லை.

கைக்கோல்: முடிவுற்ற பாலத்தின் மீது நின்று தம் பணிக்காலத்தை எண்ணிப் பார்க்கையில், நிக்கல்சனின் கோல் ஆற்றில் நழுவி விழுகிறது. இது பின்வரும் வீழ்ச்சியின் முன்னறிவிப்பாகக் கொள்ளத்தக்கது.

இறுதியில் காயமுற்ற நிக்கல்சன் வெடிப்புக் கருவியின் மீது விழ, பாலம் தகர்கிறது. அவர் அறிந்தே விழுந்தாரா என்பதைப் படம் தெளிவாக்கவில்லை. புதினத்தில் பாலம் தகர்க்கப்படுவதில்லை.

வரலாறும் திரைப்படமும்

நிக்கல்சன் கற்பனைப் பாத்திரமாவார். உண்மையான பாலப் பணியில் கைதிகளுக்குத் தலைமை தாங்கிய பிலிப் டூசி, வேலையைத் தாமதப்படுத்த முயன்றவர். சுமார் 415 கிலோமீட்டர் நீளமான இப்பாதை 1943 அக்டோபரில் நிறைவுற்றது. 12,000 க்கும் மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகள் இதில் இறந்தனர். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளரின் இழப்பு அதனிலும் பன்மடங்காகும். தமிழர் இதனைச் சயாம் மரண ரயில் என்பர். படத்தின் மையக் கதையில் இத்தொழிலாளர் இடம்பெறவில்லை. பாலத்தைக் கட்டியவர் யார் என்பதை முழுமையாகக் கூறாத நிலையில், நிக்கல்சனின் பெயர்ப்பலகையைப் படமும் ஒத்திருக்கிறது.