முதல் மிடறுக்கு முன்பே



குடியை நிறுத்திச் சில மாதங்கள் ஆன ஒருவர் மீண்டும் குடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டால், நாம் அந்த ஒரு நாளைப் பற்றியே பேசுகிறோம். யார் அழைத்தது, எந்தக் கடை, எவ்வளவு குடித்தார் என்று விசாரிக்கிறோம். ஆனால் குடிநோயிலிருந்து மீண்டோரின் வரலாறு வேறொன்றைச் சொல்லுகிறது. வீழ்ச்சி முதல் மிடறில் தொடங்குவதில்லை. அதற்குப் பல நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆகையால் அதை முன்னமே கண்டுகொள்ளவும் தடுக்கவும் இயலும்.

1935ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், ஒரு விடுதியின் முன்கூடத்தில் பில் வில்சன் என்பவர் தனியே நின்றுகொண்டிருந்தார். பங்குச் சந்தைத் தொழிலில் இருந்தவர். குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் தோற்றுப்போயிற்று. ஆதரவாய்ப் பேச ஆளில்லை. ஒரு புறத்தில் மதுக்கூடம். மறுபுறத்தில் தொலைபேசியும், நகரத்துச் சபைகளின் பட்டியலும். அவர் இன்னும் ஒரு துளியும் குடிக்கவில்லை. எனினும் தாம் ஆபத்தின் விளிம்பில் நிற்பதை உணர்ந்தார். பட்டியலில் கண்ட வால்டர் டங்ஸ் என்னும் போதகரை அழைத்தார். அந்த அழைப்பின் வழியாக ஹென்றியெட்டா சீபர்லிங் என்ற அம்மையாரையும், அவர் மூலம் ராபர்ட் ஸ்மித் என்னும் மருத்துவரையும் சந்தித்தார். ஸ்மித்தும் குடியினால் நொறுங்கிக்கொண்டிருந்தவரே.

ஸ்மித் குடியை நிறுத்தினார். ஆனால் சில வாரங்களுக்குள் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மருத்துவர் மாநாட்டுக்குப் புறப்பட்டவர், அந்தப் பயணத்தில் மீண்டும் குடித்துத் தம் நிலை இழந்தார். வில்சனும் ஸ்மித்தின் மனைவி ஆனும் அவரைத் தள்ளிவிடவில்லை, தெளியும்வரை உடனிருந்தார்கள். அதன்பின் 1950இல் இறக்கும்வரை அவர் குடிக்கவில்லை. அவர் கடைசியாகக் குடித்த நாளாகக் கருதப்படும் 1935 ஜூன் 10ஐயே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. சிந்தித்துப் பாருங்கள்: உலகெங்கும் பரவியிருக்கும் அவ்வமைப்பு, வழுக்கி விழுந்த ஒருவர் எழுந்த நாளிலிருந்தே தன் வயதைக் கணக்கிடுகிறது.

நம் மாநிலத்தில் 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது சென்னை மாகாணம் முழுமைக்கும் விரிந்தது, 1971இல் தளர்த்தப்பட்டது. சட்டம் வந்தது, போனது. குடிநோயாளியின் வீட்டுத் துயரமோ தொடர்ந்தது. 1979இல் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் அவர் பெயரிலேயே டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று நாம் அறிவது அதன் பணியே. பின்னர் மஞ்சக்குடியில் கிராமத்திலேயே முகாமிட்டுச் சிகிச்சை அளித்தார்கள். குடும்பத்தாரும் ஊராரும் அதில் பங்கேற்றார்கள். உடலிலிருந்து மது நீங்குவது தொடக்கம் மாத்திரமே, வீடு திரும்பிய பின்புள்ள தொடர் கவனிப்பே மீட்சியைக் காக்கிறது என்பது அப்பணி தரும் பாடம்.

ஆலன் மார்லட் என்னும் உளவியல் அறிஞர், மீண்டும் வீழ்வதைத் தடுப்பது பற்றி 1985இல் ஜூடித் கார்டனுடன் ஒரு நூல் வெளியிட்டார். மனச்சோர்வும் கோபமும், பிறரோடு ஏற்படும் சண்டை, நண்பர்களின் வற்புறுத்தல் ஆகிய மூன்றுமே பெரும்பாலான வீழ்ச்சிகளுக்கு முன் நிற்பதை அவர் கண்டார். இன்னொன்றையும் எடுத்துக்காட்டினார். ஒரு முறை சறுக்கியவர், “எல்லாம் போயிற்று” என்று தம்மையே வெறுக்கும்போது, அந்த வெறுப்பே அவரை முழு வீழ்ச்சிக்குத் தள்ளுகிறது. சறுக்கல் வேறு, வீழ்ச்சி வேறு.

நம் பள்ளத்தாக்கில் இவை எங்கே நேரிடுகின்றன? கூலி கைக்கு வரும் மாலையில், ஏலத்தோட்டத்திலிருந்து ஜீப்பில் களைத்துத் திரும்பும் வழியில், திராட்சைக்கு விலை கிடைக்காத நாளில், வீரபாண்டித் திருவிழாவில், கலியாண வீட்டிலும் துக்க வீட்டிலும். அதற்கு முன்பே அடையாளங்கள் தோன்றும். உறக்கம் கெடும். சிறு காரியத்துக்கும் எரிச்சல் வரும். மருத்துவரிடம் போவது நின்றுவிடும். சிறு பொய்கள் தலைகாட்டும். பழைய கூட்டாளிகளைத் தேடுவார். “இனி என்னால் அளவோடு நிறுத்த முடியும்” என்பார். இந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டால் விழித்துக்கொள்ளுங்கள்.

மீண்டு வருகிறவரே, நீங்கள் எந்த நேரத்திலும் அழைக்கத்தக்க இருவருடைய எண்களை இன்றே எழுதிவையுங்கள். ஆசை எழும்போது அந்த இடத்தைவிட்டு அகலுங்கள். அது அலையைப்போல் உயர்ந்து தானே தணியும். பசியோடும் களைப்போடும் தனித்திராதீர்கள்.

குடும்பத்தாரே, பழைய கணக்கைத் தினமும் வாசிக்காதீர்கள். அவர் சறுக்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று தாமாக நிறுத்தினால் வலிப்பு முதலிய ஆபத்துகள் நேரலாம். ஆகையால் மருத்துவத் துணை அவசியம். க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 14446 என்னும் தேசிய இலவச உதவி எண்ணும் உண்டு.

சபையாராகிய நமக்கும் ஒரு கேள்வி உண்டு. ஆக்ரனில் ஒருவர் சபைகளின் பட்டியலைப் பார்த்து அழைத்தபோது, மறுமுனையில் ஒருவர் பதில் கொடுத்தார். நம் தெருவில் ஒருவர் முதல் மிடறுக்கு முன்பாக நம்மை அழைத்தால், நாம் எடுப்போமா? சறுக்கியபின் ஆராதனைக்கு வருகிறவர் முகங்களைப் பார்த்து அஞ்சாமல் உட்கார, நம் வரிசையில் இடம் இருக்கிறதா?